துணைக்கால்

என் முழங்கைதான்.
வீரவநல்லூர்க் கொடைக்கு மறுநாள் ராத்திரி
ட்யூப் லைட்டு வெளிச்சத்தில்
நடுக்கோட்டைத் தொடப் பாய்ந்தவளை
மடக்கும்போது பட்டது.
சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது,
பிஞ்சு வெண்டைக்காய் ஒடிகிற சத்தம்.

பிரம்மசக்தி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.
விரலிடுக்கில் ரத்தம்.
விசிலை வாயில் வைத்தபடியே நடுவர் யோசித்தார்.
அவள் ஊர்க்காரர்கள் என்னை ஏசினார்கள்.
என் ஊர்க்காரர்கள் அவர்களை ஏசினார்கள்.
நான் மண்ணில் மண்டியிட்டுத்
தேடிக்கொண்டிருந்தேன்.

முன்பல். முழுசாக, வேரோடு.
சுண்ணாம்புக் கோட்டின்மேல் கிடந்ததால்
சட்டென்று தெரியவில்லை.

'சோப்புப் போட்டுக் கழுவுட்டி.'
'உப்பை வச்சுத் தேயி.'
'போன பல்லு போனதுதான், கூரையில வீசு.'
யாரையும் தொடவிடவில்லை.
வெள்ளைப் பக்கத்தைப் பிடிக்கலாம்.
வேரைத் தொடக் கூடாது, தேய்க்கவே கூடாது.
அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய சதைக்குத்
தான் வெளியே விழுந்தது இன்னும் தெரியாது.
மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத்துக்குத் தெரியாது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால்
சிரித்துக் காட்டத்தான் வேண்டும்.
நாலு வருஷத்துக்கு முன் களக்காட்டில்
என் பல் விழுந்தபோது
பஸ் டிக்கெட்டில் மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு
மீதி ஆட்டத்தையும் ஆடினேன். ஜெயித்தோம்.
மறுநாள் மத்தியானம் தாளைப் பிரித்த டாக்டரம்மா
'ராத்திரியே பால்ல போட்டுக் கொண்டாந்திருந்தா'
என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

பாட்டில் தண்ணீரில் ஒரே ஒரு அலசு.
'வாயைத் திற, குழியிலேயே வைக்கேன்.'
என்னையா நம்புவாள்?
கையைத் தட்டிவிட்டாள்.

டீக்கடைக்கு ஓடினேன்.
'அண்ணாச்சி, பல்லு! பாலு!'
'ரெண்டுல எதுட்டி?'
'காய்ச்சாதது. சீனி போடாதது.'
இரண்டு சொல்லுக்கும் நடுவே
ஒரு துணைக்கால்தான்.
பாக்கெட்டைக் கடித்துக் கிழித்தேன்,
கடைவாயால்.
எவர்சில்வர் டம்ளருக்குள் பல் இறங்கிக்
காணாமல் போனது, வெள்ளைக்குள் வெள்ளை.

ஆட்டோவில் நாங்கள் இருவர், ஒரு டம்ளர்.
அவள் துண்டைச் சுருட்டிக் கடித்திருந்தாள்.
சேரன்மாதேவியில் கேட் மூடியிருந்தது.
ஏழு நிமிஷம்.
ஒரு ரயிலை நான் அப்படி ஏசியதில்லை.
பத்தமடை, முன்னீர்பள்ளம்,
வேகத்தடை வரும்போதெல்லாம் டம்ளரை
நெஞ்சோடு அணைத்தேன்.
பனியனெல்லாம் பால் வாடை.
அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்,
டம்ளரை. என்னையல்ல.

மேலப்பாளையத்தில்
டாக்டர் செய்யதலி பாத்திமாவின் ஷட்டர்
பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தோம்.
டம்ளரைக் கண்டதும் என்னைக் கண்டுகொண்டார்.
'நாப்பத்தெட்டு நிமிஷம்' என்றேன்.
'பரவால்ல' என்றார்,
எதற்கென்று தெரியவில்லை.
ஊசி. குழியில் ஒரு அலசல். ஒரு அழுத்து.
பக்கத்துப் பற்களோடு சேர்த்து
தலைமுடி மாதிரிக் கம்பி.
மண் பட்டதால் கையில் இன்னொரு ஊசி.
ரெண்டு வாரத்துக்குக் கஞ்சி.
முறுக்கு, கரும்பு, கபடி கிடையாது.
'ஒட்டிக்கிடுமா?'
'இன்னைக்குச் சொல்ல முடியாதும்மா.'

பிரம்மசக்தி கண்ணாடி கேட்டு வாங்கி
ரொம்ப நேரம் பார்த்தாள்.
மரத்துப்போன உதட்டில்
முதல் வார்த்தை எச்சிலோடு வழிந்தது.
'பாயிண்டு யாருக்குட்டி?'

என் நாக்கு போய்
என் இடைவெளியைத் தொட்டுவிட்டு வந்தது.
எங்களுக்குத்தான். சொல்லவில்லை.
'அவரு இன்னும்
விசிலை வாயில வச்சிக்கிட்டு
யோசிச்சிக்கிட்டு இருப்பாரு' என்றேன்.