பூச்சியம்

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
என் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ரீசார்ஜ்.
எனக்குத் தெரிந்த கணக்கு
பக்கக் கணக்குதான்.

பியூலா ஞானபாய் டீச்சர் வந்தால்
குடையை வெளியே சாத்திவிட்டு
கை துடைத்த பிறகே தாளைத் தொடுவார்.
கூட்டிக்கொண்டே போகும் வரிகள்,
கடைசியில் மூன்று புள்ளி.
இதுக்கு மேல பக்கம் இருக்கா டீச்சர்?
"இருக்கு. நீ காப்பி எடுக்கண்டாம்."

கரண்ட் போன நேரங்களில் சொன்னதுதான் மற்றதெல்லாம்.
அம்மைக்கு அண்டி ஆபீசில் வேலை.
தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு
கைநாட்டு வைத்தால் மை விழும்,
ரேகை விழாது.
உடைத்த பருப்பின் எடைக்குக் கூலி.
கூலிச்சீட்டை ஒன்பது வயசில் டீச்சர்
மறுபடி கூட்டிப் பார்த்தாராம்.
வாரத்துக்கு நாலணா குறைந்தது.
கேட்கப்போன அம்மையை
ஒரு மாதம் உள்ளே விடவில்லை.
"சரியான விடைக்கு ஒரு மாசம் பட்டினி கேட்டியா"
என்று சிரிப்பார்.

பிறகு காலேஜ். பிறகு ஓலை.
முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கு
முந்திரி என்று பேர் இருப்பதை
எண்சுவடியில் பார்த்த அன்று
இறங்க வேண்டிய இடத்தை விட்டு
அழகியமண்டபம் வரை போய்விட்டாராம்.

இரணியலில் ஒரு வீட்டில்
குளத்துப் பாசனக் கணக்கு இருந்தது.
ஓலை வெளியே வராது,
நகல் வேண்டுமானால் தருகிறோம் என்றார்கள்.
அந்த வீட்டுப் பையன் கொண்டுவந்தது
என் கடைக்குத்தான்.
வளைந்த ஓலை. மூடி அமரவில்லை.
திறந்தே எடுத்தேன்.

பத்துக்கு ஒரு குறி, நூறுக்கு ஒரு குறி
என்றிருந்த வரிசையில்
காலி இடம் காட்ட
ஒரு கறுப்புப் புள்ளி.
"பூச்சியம்டே!"
என் கல்லாப்பெட்டியில் தட்டினார்.
கட்டுரை வந்தது. சால்வை வந்தது.
ஜெர்மனியில் யாரோ அதை மேற்கோள் காட்டினார்களாம்.

பதினொரு வருஷம் கழித்து
அந்த வீடு விலையானபோது
பழைய நேரியலில் சுற்றிய கட்டு
டீச்சர் கைக்கே வந்தது.

நல்ல மழை அன்று.
திறந்து எடுத்தேன். புள்ளி.
உள்ளங்கையால் மூடியை
அழுத்திப் பிடித்தார்.
எடுத்தேன்.
இல்லை.
மறுபடி. மறுபடி.
ஓலையை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.
குண்டூசித் தலையளவு வெளிச்சம்
அவர் கன்னத்தில் விழுந்தது.
அடுத்த ஓலையிலும். அதற்கடுத்ததிலும்.
அதே இடம்.

வெகுநேரம் பேசவில்லை. பஸ் ஒன்று வந்து போனது.
"பூச்சி போட்டது," என்றார்.
"இயம் நான் சேர்த்தது."

மெஷின் தப்பு டீச்சர்,
நான் மூடியிருந்தா என்று இழுத்தேன்.
திருத்தக் குறிப்பில்
நகல் கோளாறு என்று ஒரு வரி இருந்தது.
என் முன்னாலேயே அதை அடித்தார்.
"கண்ணு என்னோடதுல்லா."

அறுபத்துநாலு பிரதி. கவர் ஒட்டியது நான்.
சால்வை போட்டவருக்கும் ஒன்று போனது.
மூன்று பேர் பதில் எழுதினார்கள்.
அதில் ஒருவர்,
ஏன் சொன்னீர்கள்,
யாருக்கும் தெரிந்திருக்காதே என்று.
அதை மட்டும் என்னிடம் காட்டினார்,
காப்பி எடுக்கச் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை
வேறொரு கட்டு.
குடையைச் சாத்தினார். கை துடைத்தார்.
"மூடிட்டு ஒண்ணு, தெறந்துட்டு ஒண்ணு.
ரெண்டுக்கும் காசு எடுத்துக்க."