இறக்கும் நாள்

திங்கட்கிழமை காலை எட்டரை.
சரக்கு லிஃப்ட் ஐந்தாம் மாடியில் வாய் திறக்கிறது.
கண்காட்சி நேற்றோடு முடிந்தது.
இன்று இறக்கும் நாள் என்கிறோம்,
அந்தச் சொல்லின் இன்னொரு பொருளுக்கு
நேரமில்லாதவர்கள்.

ஏணிமேல் ருஸ்தம்.
மக்காசாரிலிருந்து வந்த படகை
எட்டுக் கம்பிகளிலிருந்தும் ஒவ்வொன்றாய் விடுவிக்கிறான்.
தரையெங்கும் நுரைப்பஞ்சு, குமிழ்த்தாள்,
மேலே பார்த்து அம்பு போட்ட மரப்பெட்டிகள்.
மெக்கோங் நீர் அடைத்த நாற்பத்தொரு போத்தல்களை
டார்ச் அடித்து அளக்கிறாள் சியூ யென்.
பதினேழாவதில் மூன்று மில்லிமீட்டர் குறைவு.
எழுதிக்கொள்கிறாள்.
ஆறு வற்றியதற்கும் இங்கே ஒரு படிவம் இருக்கிறது.

என் வேலை சுவர்.
ஒட்டியவளே உரிக்கவும் வேண்டும்.
முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி
நகத்தால் ஓரம் கிளப்பினால்
ஆங்கிலம் எழுத்தெழுத்தாய்க் கையோடு வரும்.
மலாயும் அப்படித்தான், சொன்ன பேச்சு கேட்கும்.
சீனம் கீற்றுக் கீற்றாய் உதிரும், பொறுமை போதும்.
தமிழில்தான் தகராறு.
உடம்பு வந்துவிடும்,
புள்ளி வராது.

உப்பு நீர் நன்னீர்:
தலைப்பில் மட்டும் நான்கு.
கீழே அறிமுகப் பத்தியில் நூற்று அறுபது சொச்சம்.
எழுத்தெல்லாம் போன பிறகு
வெள்ளைச் சுவரில்
யாரோ எள்ளை விசிறிய மாதிரி,
ஆனால் வரி பிசகாமல்.

பதினொன்றே காலுக்கு ஒருவர் வந்தார்.
பூட்டாத கதவைத் தள்ளிக்கொண்டு,
காலணியைக் கழற்ற வேண்டுமா என்று குனிந்து பார்த்துக்கொண்டு.
பெயர் ஜைலானி. எதிரே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
மூன்று மாதமாய்த் தன் கூண்டிலிருந்து
எங்கள் பதாகையில் இருந்த படகையே பார்த்திருக்கிறார்.
அந்த உயரத்துக்கு அது
கொள்கலன்களுக்கு நடுவே
நிற்க இடம் தேடுகிற மாதிரி இருக்குமாம்.
லீவு இன்றுதான் கிடைத்தது.

முடிஞ்சிடுச்சு, என்றேன் மலாயில்.
தெரியும், கீழேயே சொல்லிட்டாங்க, என்றார்.
போகவில்லை.
எங்கே தொங்கியது?

நான் எதையும் பார்த்தவள் இல்லை.
தரையிலிருந்து நூற்று நாற்பத்தைந்து சென்டிமீட்டர்,
ரசமட்டம், பென்சில் கோடு,
எனக்கு இந்தக் கூடம் இவ்வளவுதான்.
இருந்தும் கை நீண்டது.

இதோ, இங்கே முகப்பு.
அடியில் நடந்தால் அதன் நிழல் உங்கள் தோளில் ஏறும்.
உள்ளே மீனவர்களின் பழைய சட்டைகளிலிருந்து
பைகளை மட்டும் வெட்டித் தைத்திருந்தார்கள்.
ஒரு பையில் பேருந்துச் சீட்டு அப்படியே இருந்தது.
அந்த மூலையில் இருட்டறை, படம் ஓடியது.
ஒரு பெண் உப்பு காய்ச்சுவாள், நாற்பது நிமிடம்,
முதுகை மட்டும் காட்டிக்கொண்டு.
ஒரு தடவையாவது திரும்புவாள் என்று
மதியச் சோற்றை மடியில் வைத்துக்கொண்டு
நான் நான்கு நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

திரும்பினாளா?

இல்லை.

அவர் அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு என் சுவரை.
இது?
என் பாஷை, என்றேன். இன்னும் உரிக்கவில்லை.
தலையாட்டினார். ஒரு புள்ளியைத் தொடப் போய்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்,
கண்காட்சிக்கு வந்தவர்கள் கட்டிக்கொள்கிற மாதிரி.

ருஸ்தம் மேலிருந்து கத்தினான்,
தலை, தலை, ஒதுங்குங்க.
படகு இறங்கியது.
வயிற்றில் வெள்ளையாய்க் காய்ந்த ஒரு கோடு,
அது வண்ணமா உப்பா என்று
சியூ யென் இன்னும் எழுதவில்லை.
ஜைலானி அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை
ஒரு விரற்கடை தள்ளியே பிடித்தபடி
பெட்டிவரை கூடவே நடந்தார்.
யாரும் தடுக்கவில்லை.

மாலை, ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறும்போது
முழங்கையில் கறுப்பாய் ஒன்று.
எந்த எழுத்தின் தலையிலிருந்ததோ.
நகம் அதன் ஓரம்வரை போனது.
நாளை அந்தச் சுவருக்கு இரண்டு பூச்சு வெள்ளை,
வியாழனன்று புதுப் பெட்டிகள் வருகின்றன.
இருக்கட்டும்
மெய்யில் ஒரு புள்ளி,
குளிக்கும்வரைக்கும்.