ஒரு சாண்

இறக்காமம் குளத்தில்
நவம்பர் மழைக்குப் பிறகு
ஆறிப்போன பால் தேத்தண்ணி நிறம்.

கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டை
தோணியிலிருந்து இறக்குகிறேன்.
ஓகஸ்டில் இரண்டு முழம் போய்த்தான் மறைந்தது.
“எழுதுங்க மிஸ், ஒரு சாண்”
என்கிறார் ஆதம்பாவா.
சென்ரிமீற்றரில் அவருக்கு நம்பிக்கையில்லை.

விரால் கண்ணால் வேட்டையாடும்.
சல்வீனியாவின் கீழ் அசையாமல் கிடந்து
தூரத்தில் ஒரு வெள்ளி மினுங்கினால் போதும்,
தண்ணீர் வெடிக்கும்.
இப்போது அதன் உலகமும் ஒரு சாண்தான்.
அதற்குள் தானாக வந்து விழுவதே இரை.

கெண்டைக் குஞ்சுகளுக்கு
விஷயம் தெரிந்துவிட்டது:
பாசியை விட்டு வெளியே வந்து
கூச்சமில்லாமல் மேய்கின்றன.
கெளிறுக்கு ஒரு குறையும் இல்லை,
மீசை இருக்கிறது.

கரையில் பலகை போட்டு
பதினேழு விராலின் வயிறு கீறினேன்.
ஒன்பதில் ஒன்றுமில்லை.
ஐந்தில் இறால்,
சேற்றோடு சேர்த்து விழுங்கியது.
இரண்டில் ஏதோவொன்றின் செதில்.
கடைசியில்
ஒரு சிவப்பு நூல், முடிச்சோடு.

போன கிழமை
அளவுக் கயிற்றிலிருந்து காணாமல்போன
முதல் சாணின் அடையாளம்.

எவ்வளவு தெரியவில்லை என்று
நாங்கள் அளந்துகொண்டிருந்தபோது
கீழே ஒருவர்
அதைத்தான் பார்த்திருக்கிறார்.

ஆதம்பாவா சிரிக்கவில்லை.
நூலை அலசி
பழைய இடத்திலேயே கட்டி
பல்லால் இறுக்கினார்.

படிவத்தில் ‘இரை’ என்றொரு கட்டம்.
‘நூல்’ என்று எழுதினேன்,
வெட்டினேன்,
திரும்பவும் எழுதினேன்.