திணைவழு

மன்னார்குடியில் பஸ் மாறி
வடுவூர் தாண்டி மதகடியில் இறங்கினேன்.
அம்புக்குறி போட்ட பச்சைப் பலகை:
எழுத்தாளர் அமலோற்பவம் நினைவில்லம்.
திங்கள் விடுமுறை.
நல்லவேளை, செவ்வாய்.

நுழைவு பத்து ரூபாய், கேமராவுக்கு இருபது.
சாவி ஜெனோவாவிடம்.
போனைச் சார்ஜில் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.
"செருப்பு வெளியே. கட்டிலைத் தொடாதீங்க."

ஓட்டு வீடு, ரெண்டே அறை.
ஓய்வு பெற்றபோது தபால் ஆபீசில் கொடுத்த கடிகாரம்
நாலேகாலில் நிற்கிறது,
பேட்டரி தீர்ந்து; வேறு அர்த்தம் எதுவுமில்லை.
ஒரு கண்ணில் பூஞ்சை படிந்த பைனாகுலர்.
மழைமானி. முப்பத்தோரு வருட மழை
கட்டம் போட்ட நோட்டுகளில்.
ஐப்பசி பதினேழு, ஒன்பது சென்டிமீட்டர்;
பக்கத்தில், "மீன்காரர் வரவில்லை."

தோட்டத்தில் அவர் எதையும் நட்டதில்லையாம்.
வந்ததை இருக்கவிட்டார்.
இப்போது அறக்கட்டளை
ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை வைத்திருக்கிறது:
நாயுருவி. குப்பைமேனி. கீழாநெல்லி.
பலகை வைத்தபின் பிடுங்க முடியலை என்றாள் ஜெனோவா,
பலகை இல்லாத ஒன்றைப் பிடுங்கியபடி.

நான் வந்தது இதற்கெல்லாம் அல்ல.

எண்பத்தேழில் கும்பகோணத்து அச்சகம் ஒன்றில்
மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவருடைய முதல் புத்தகம் என் மேசைக்கு வந்தது.
முக்குளிப்பான் முங்கினான்.
நத்தைகுத்தி கோபித்துக்கொண்டு போனாள்.
நாமக்கோழிகள் இரவெல்லாம் பேசிக்கொண்டார்கள்.
எனக்கு வயது இருபத்தாறு, புலவர் பட்டம் புதிது.
உவப்பினால் வரும் திணைவழுவை
இலக்கணமே பொறுத்துக்கொள்ளும் என்று
பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான்.
ஆனாலும் சிவப்பு மையை எடுத்து
'ஆன்' 'ஆள்' எல்லாம் அடித்து
'து' போட்டேன். இருநூற்றுப் பதினான்கு இடம்.
கம்பாசிட்டர் கலியமூர்த்தி முனகினார்:
"பெட்டியில 'து' தீர்ந்துபோச்சு சார்."
பக்கத்து அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு
எடுத்துவைத்திருந்ததைக் கைமாற்று வாங்கிவந்தோம்.

அவர் ஒரு கார்டுகூடப் போடவில்லை.
தபால் ஆபீசிலேயே வேலை பார்த்தவர்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் புத்தகம், அவருடைய பிரதி.
இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க என்று
ஜெனோவா திறந்து கொடுத்தாள்.
பக்கத்துக்குப் பக்கம் பென்சில்.
ஒவ்வொரு 'து'வின் மீதும் மெல்லிய கோடு,
மேலே திரும்பவும் ஆன், ஆள், ஆர்கள்.
கோபம் தெரியவில்லை.
கொடியில் துணியைத்
திருப்பித் திருப்பிப் போடுகிறவரின் நிதானம்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும்
கோடு எதிர்த்திசையில் போயிருந்தது.
நான் அச்சேற்றிய வாக்கியம்:
படித்துறையில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.
பறவைகள் அவளைப் பொருட்படுத்தவில்லை.
அவர் முதலில் எழுதியது
பென்சிலில் திரும்பி வந்திருந்தது:
படித்துறையில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.
அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

புத்தகத்தை மூடத் தெரியாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.
ஜெனோவாதான் வாங்கி வைத்தாள்.

வெளியே தை மாதத்து ஏரி,
கலிங்கலுக்கு ஒரு சாண் கீழே.
மூன்றாம் படி வழுக்கியது. நான்காம் படியில் உட்கார்ந்தேன்.
கருவேல மர நிழலில் ஒருவன்
முங்கினான்.
எண்ணத் தொடங்கினேன். பதினாறு. பதினேழு.
நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில்
அவன் எழவேயில்லை.
எங்கோ முதுகுப்பக்கம் தண்ணீர் சிலும்பியது.

"சார், அஞ்சு மணிக்குப் பூட்டணும்."
பார்வையாளர் பதிவேட்டை நீட்டினாள்.
பெயர். ஊர். தொழில். கருத்து.
முதல் மூன்று கட்டங்களையும் விட்டுவிட்டுக்
கடைசியில் எழுதினேன்:
கும்பகோணத்திலிருந்து ஒன்று வந்திருந்தது.

ஜெனோவா படித்தாள். நிமிர்ந்தாள்.
"என்ன சார் வந்துச்சு, பார்சலா?"