சிவப்புத் தடி

அறிவியல்நகர் ஆய்வுகூடத்தில்
நான் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவள்.
வகுப்பு நடக்கும்போது தண்ணீரைக் குறைத்துவிடுவேன்.

மரபிழை இரண்டாகும்போது
அது சுற்றிக் கிடந்த உருளைகள் கழன்று
பழையதில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.
இடையில் வருகிறவை புதுசு, குறியில்லாதவை,
பக்கத்தில் நிற்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும்:
இங்கே வாசிக்காதே.

முகமாலையில் நாலு வருஷம் கண்ணிவெடி எடுத்தேன்.
மழைக்குச் சிவப்புத் தடி விழுந்தால்
நானும் தவநிதியும் அப்படித்தான்,
மிஞ்சி நிற்கிற தடிகளைப் பார்த்து
இடைவெளியில் ஊன்றுவோம்.

கையில் சவர்க்காரத்தோடு கேட்டுவிட்டேன்:
"பக்கத்திலும் ஒன்றும் நிற்காட்டி?"

ஆரபி மிஸ் வெண்கட்டியைக் கீழே வைத்தா.
"மறந்துபோகும். பூட்டினது திறக்கும்.
நல்லதோ கெட்டதோ, இடத்தைப் பொறுத்தது."

பளையில் எனக்கு அப்படியொரு இடம் தெரியும்.
இப்ப அதில் கச்சான் போட்டிருக்கினம்.
நான் இன்னும் வரம்பால்தான் நடக்கிறேன்.