இரண்டாவது ஆணி

உல்ம் நகரம், தன்யூப் உறைந்த மாதம்.
கணக்கரின் ஆள் பனியை உதறிக்கொண்டு
பட்டறைக்குள் வந்தான். பெயர் தோபியாஸ்.
"செவ்வாயின் பாதை" என்று ஒரு தாளை நீட்டினான்.
"பேரிமரத்தில் வேண்டும். ஒரு சாண் அகலம்.
மூன்று குல்டன்."

நான் வால்புர்கா.
சீட்டுக்கட்டு ராஜாக்களைச் செதுக்குகிறவள்.
கொள்ளைநோய் அறிவிப்புக்கு மண்டையோடு,
பஞ்சாங்கத்துக்கு வால்மீன்.
பதினேழு வால்மீன் வெட்டியாயிற்று,
ஒன்றையும் பார்த்ததில்லை.
இரவில் கண் விழித்தால்
பகலில் உளி விரலைத் தின்னும்.

மூலையில் அப்பா வெட்டிய பழைய பலகை.
வட்டத்தின் விளிம்பில் வட்டம்,
அதன் விளிம்பில் இன்னொன்று.
செவ்வாய் போகும், தயங்கும், திரும்பி நடக்கும்,
மறுபடி போகும்.
அந்த ஒரு தயக்கத்துக்கு இத்தனை சக்கரம்!
சிறுவயதில் அதைப் பார்க்கும்போதெல்லாம்
வானத்தில் யாரோ திரிகை சுற்றுவது கேட்கும்.

"அது திரும்புவதில்லை" என்றான் தோபியாஸ்.
"நாம் முந்துகிறோம், அவ்வளவுதான்.
பின்தங்கும் படகு
பின்னால் போவதுபோல் தெரியுமே."
எனக்குச் சட்டென்று பிடிபட்டது.
வலத்தை இடமாக, இடத்தை வலமாக
மரத்தில் வெட்டி வெட்டியே பிழைக்கிறேன்.
என் நாள் முழுக்க வக்கிரம்தான்,
காகிதத்தில் ஏறினால்தான் நேராகும்.

கவராயத்தை எடுத்து ஒரே சுற்று.
"வட்டம் இல்லை" என்றான்.

இரண்டு ஆணி கேட்டான், கொஞ்சம் நூல்.
கட்டைவிரல் அகலம் விட்டு அடித்தான்.
நூலைக் கண்ணியாக்கி மாட்டி
ஈயக் குச்சியால் இழுத்துச் சுற்றினான்.
என் வட்டத்தோடு ஒப்பிட்டேன்.
நெடுக்கில் ஒட்டியது.
குறுக்கில், பக்கத்துக்கு ஒரு நகத்தின் தடிமன்
உள்ளே வாங்கியிருந்தது.

"இதற்காகவா?"
"இதற்குள் அவருக்கு ஏழு பற்கள் விழுந்துவிட்டன."

ஓர் ஆணியில் சூரியனாம்.
அதை நெருங்கும்போது செவ்வாய் ஓடுமாம்,
விலகினால் நடக்குமாம்.
கடன்காரன் வாசலைக் கடக்கும் நான்
வேறெப்படிப் போகிறேன்?

"மற்ற ஆணியில்?"
"ஒன்றுமில்லை."
"ஒன்றுமில்லாததற்கு எதற்கு ஆணி?"
தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
தொப்பியை எடுத்துத் துடைத்தான்.
"அதைப் பிடுங்கினால் கோடு வராது."

ஒன்பது நாள் வெட்டினேன்.
பத்தாம் நாள், அச்சகத்து ஹெர்மான் வெக்கர்
கவராயத்தை வைத்து அளந்தார்.
"உன் வட்டம் கோணல், விதவையே.
அரை குல்டன் பிடித்துக்கொள்கிறேன்."
விளக்க வாய் திறந்தேன்.
மூடிக்கொண்டேன்.
பசை வாங்க இரண்டரையே போதும்.

அன்றிரவு ஆற்றங்கரையில் நின்றேன்.
முடிக்காமல் விட்ட தேவாலயக் கோபுரத்துக்கு மேல்
சிவப்பாய் ஒன்று.
அதுதானா என்று கேட்க ஆளில்லை.
கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி,
அதன் பக்கத்தில் கட்டைவிரலை வைத்தேன்.
விரலுக்கு அந்தப்பக்கம்
நெடுநேரம் தேடினேன்.
கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

பலகை இப்போது வெக்கரின் கிடங்கில்.
ஆணி இருந்த துளையை நான் அடைக்கவில்லை.
அச்சில் அது விழாது.
தடவினால் விரலுக்குத் தெரியும்.