இரண்டரை டாங்கோ

பசை இறுக இரண்டரை டாங்கோ ஆகும்.
கடிகாரம் பார்க்கிற வழக்கமில்லை.
கிடுக்கியை முறுக்கிவிட்டு ரேடியோவைத் திருகினால்
முதல் பாட்டில் ஒருவன் பிரிந்து போவான்,
இரண்டாவதில் ஒருத்தி வராத கடிதத்துக்காக
மழையில் நிற்பாள்,
மூன்றாவதில் யாரோ அழத் தொடங்கும் இடத்தில்
கிடுக்கியைக் கழற்றலாம்.
ஜனவரியில் அவர்களை
முழுக்க அழவிட வேண்டும்.

லஹ்தியில், தண்டவாளத்துக்குப் பின்னால்,
முன்பு பால் டிப்போவாக இருந்த கட்டடம்.
‘ஔலிக்கி ரந்தாலா, நாற்காலிகள்’
என்று மட்டும் பலகை.
மேசை கேட்டு வருகிறவர்களை
எதிர்ச்சாரிக்கு அனுப்பிவிடுவேன்.
மேசையை நம்பி யாரும் முதுகைக் கொடுப்பதில்லை.

இடது காதை இழைப்பு இயந்திரம் எடுத்துக்கொண்டது.
வலது காதுக்கு ரேடியோ.
இடப்பக்கத்துக்கு மரம் இருக்கிறது:
பிர்ச் பலகையில் முழங்கையை ஊன்றினால்
கனத்த சுரங்கள்
எலும்பைப் பிடித்துக்கொண்டு ஏறி வரும்.

டாங்கோ வெயில் தேசத்துச் சரக்கல்லவா என்று
ஒரு வாடிக்கையாளர் கேட்டார்.
ஆமாம், கப்பலேறி வந்தது.
வந்த இடத்தில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டது.
சிரிப்பை வாசலில் கழற்றி வைத்தது,
பனிக்காலணியோடு சேர்த்து.
வருஷம் முழுக்க நாங்கள் சொல்லாமல் விட்டதை
நாலு நிமிஷம்
உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிறது.
வழவழப்பாகிறதா என்று கேட்காதீர்கள்.

ஐமோவுக்கு ஒரு நாற்காலி செய்தேன்.
ஏரிக்கரை நடனக் கொட்டகையில்
சனிக்கிழமை அக்கார்டியன் வாசிக்கிறவன்.
பதினொரு கிலோ வாத்தியம்,
அதற்குமேல் அவன்.
கைப்பிடி கிடையாது. உட்காரும் பலகை
ஒரு நகக்கண் அளவு முன்னே சரியும்.
ஐந்து கோடை உழைத்தது.
ஆறாம் மே மாதம் தூக்கிக்கொண்டு வந்தான்:
‘கிரீச்சிடுகிறது.’

முகம் சுட்டது எனக்கு.
பின்னங்காலின் கழுந்து வறண்டு
துளைக்குள் தளர்ந்திருந்தது.
தட்டிக் கழற்றி, சுரண்டி, புது ஆப்பு இறக்கி,
பசை, இரண்டரை டாங்கோ.
காசு வாங்கவில்லை.
ஏறி நின்று குதித்துக்கூடப் பார்த்தேன்.
மூச்சு விடவில்லை நாற்காலி.

ஜூலையில் தொலைபேசி.
‘ஔலிக்கி, கடைசிச் சரணத்துக்கு முன்னால்
நான் பின்னால் சாய்வேன். நாற்காலி ஒரு குரல் கொடுக்கும்.
அதைக் கேட்டுத்தான் ஜோடிகள் திரும்புவார்களாம்,
எனக்கே தெரியாது.
இப்போது முட்டிக்கொள்கிறார்கள்.
சத்தத்தைத் திருப்பி வை.’

முப்பது வருஷமாக சத்தத்தை
வெளியேற்றிக்கொண்டிருக்கிறவள் நான்.
உள்ளே வைப்பது எப்படி?
கழுந்தை ஒரு மயிரிழை சீவினேன். ஆடியது, பேசவில்லை.
மெழுகு தடவினேன். முனகியது,
அதுவும் தப்பான இடத்தில்.
ஆப்பைத் தளர்த்தினேன். அடுப்பருகில் நாலு நாள் காயவைத்தேன்.
வேண்டுமென்று செய்த பிசகுக்கு
தொண்டை இல்லை.

ஊமை நாற்காலியோடு சனிக்கிழமை நானே போனேன்.
பத்து மணிக்கும் இருட்டவில்லை.
கொசு. காபி. பெண்கள் ஒரு சுவர், ஆண்கள் ஒரு சுவர்,
நான் தூணோரம்,
வலது காதை மேடைக்குக் கொடுத்து.
சுவரோரப் பெஞ்சுகள் யார் செய்ததோ,
திருகாணித் தலைகள் துருத்திக்கொண்டு.
பார்க்காதிரு என்று சொல்லிக்கொண்டேன்.

கடைசிச் சரணம் நெருங்கியது.
ஐமோ பின்னால் சாய்ந்தான்.
அக்கார்டியன் மூச்சை இழுத்து நிறுத்தியது.
அந்தக் காலி இடத்தில்
எனக்கே தெரியாமல் என் தொண்டை
கிரீச் என்றது.

திரும்பினார்கள். அத்தனை ஜோடியும்,
ஒரே குதிகாலில்.
பஸ் ஓட்டும் பென்டி மட்டும் என்னைப் பார்த்தான்,
எதுவும் சொல்லவில்லை.
இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த வாரமும் வா என்கிறான் ஐமோ.
ஆறு நாற்காலி பாக்கி, பசை வேலை, முடியாது என்றேன்.
ஏரிக்கரை பஸ் ஏழே முக்காலுக்கு.
இன்று சனிக்கிழமை.
இரண்டாவது டாங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது.